பல்லு பாய் விற்ற கடற்கரை பங்களா

கள்ளக்குறிச்சி வட்டாரத்திலேயே பல்லைப் பார்க்காமல் எதையும் நம்பாத ஒரே மனிதர் பல்லு பாய்தான். மாட்டுத் தரகர். தங்கச்சிக்கு வந்த மாப்பிள்ளையையே வாயைத் திறக்கச் சொன்னவர். மாப்பிள்ளையும் திறந்தார். கல்யாணம் நடந்துவிட்டது.

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் ரோட்டை மறித்து மரங்களை வெட்டிப் போட்டிருந்த சமயம் அது. சந்தை கூடவில்லை. "மாடு போதும், மச்சானோட வளையல் கடையில உக்காருங்க" என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். கல்லாவில்கூட இல்லை, பெண்களுக்கு வளையல் மாட்டிவிடும் இடத்தில். பாய்க்குச் சோறு இறங்கவில்லை.

மரக்காணம் பக்கம் கடலோரம் பங்களா வைத்திருந்த ரிட்டயர்டு எஞ்சினீயர் ஒருவர் முன்பு பாயிடம் பசு வாங்கியவர். பங்களா இரண்டு வருஷமாக விலைபோகவில்லை. நான் விற்றுத் தருகிறேன் என்று பாய் போய் நின்றார். வியாழக்கிழமைக்குள் வாங்கும் ஆளைக் காட்டாவிட்டால் மறுபடி மெட்ராஸ் தரகர்களிடமே கொடுத்துவிடுவதாக அவர் சொல்லிவிட்டார். பாய் ரிஷிவந்தியத்துக் கரும்பு விவசாயி ஒருவரைப் பிடித்தார். பத்திரம் படிக்க என்னையும் இழுத்துக்கொண்டார். நான் எட்டாவதோடு நின்று சைக்கிள் கடை போட்டவன். ஏதாவது தப்பாகப் படித்துவிட்டால்?

வியாழக்கிழமை காலை மூவரும் கிளம்பினோம். உளுந்தூர்பேட்டைக்கு முன்னாலேயே பஸ் நின்றது. குறுக்கே புளியமரம். பக்கத்தில் மாட்டுவண்டியோடு பத்து இளைஞர்கள்.

"எங்க போய்க்கினு கீறீங்க?"

"கடலப் பாக்க" என்றார் பாய். நான் செத்தேன் என்று நினைத்தேன்.

பாயோ அவர்களை விட்டுவிட்டு வண்டி மாட்டின் வாயைத் திறந்து பார்த்தார். பிறகு அதன் காலைத் தூக்கினார். "இன்னாடா தம்பி, கொளம்புல கல்லு சிக்கிக்கினு கீது. நீ மறியல் பண்றியா, மாட்டக் கொல்றியா?"

கல்லை எடுத்தார். கால் மணி நேரத்தில் அதே வண்டியில் அவர்களே எங்களை ஏற்றி, வயல் பாதை வழியாக, மறுபக்கம் பஸ் ஓடும் இடத்தில் இறக்கிவிட்டார்கள்.

பங்களாவில் பாய் ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்துவிட்டு விவசாயியிடம் திரும்பினார். "இதாண்ணே பல்லு. பாதிய உப்பு தின்னுடுச்சி. கெணத்துத் தண்ணி கரிக்கும். மழ வந்தா வடக்குச் செவுரு ஒழுகும்."

எஞ்சினீயர் என் காதில், "இந்த ஆள் யார் பக்கம்?" என்றார். எனக்கும் தெரியவில்லை.

விவசாயி நிதானமாகச் சொன்னார்: "குத்தம் சொல்லாத தரகன்கிட்ட நான் மாடே வாங்கனதில்ல. துண்டப் போடுங்க பாய்."

சந்தை வழக்கப்படி விலையை வாயால் சொல்லக்கூடாது. துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான் பேச வேண்டும்; விரல் கூடினால் விலையும் கூடும். எஞ்சினீயருக்குக் கூச்சம் அதிகம். விரல் பட்டதும் சிரித்து, விவசாயியின் ஐந்து விரலையும் இறுக்கிப் பிடித்துவிட்டார்.

"அம்மாடி, அவ்ளோ ஜாஸ்தியா" என்று விவசாயி எழுந்தே விட்டார்.

"உக்காருங்கண்ணே. சாருக்குக் கிச்சுகிச்சு" என்றார் பாய். "சார், பல்லக் கடிச்சிக்கோங்க. மொதல்லேந்து."

இரண்டாம் முறை துண்டு கொஞ்ச நேரம் அசைந்தது, நின்றது. இரண்டு தலைகளும் ஆடின. விற்றுவிட்டது. மெட்ராஸ் தரகர்களால் முடியாததை ஒரு சந்தைத் துண்டு முடித்துவிட்டது.

பத்திரத்தை விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். தப்பு வரவில்லை. வெளியே வந்து பாய் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அலையில் இறங்கினார். "வளையல் கடைக்கு வேற ஆளப் பாக்கச் சொல்லு" என்றார், கடலிடமே.

திரும்பும் பஸ்ஸில் அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனேன். கள்ளக்குறிச்சி வரும்வரை அவர் தோளை அசைக்கவே இல்லை.