பச்சைப் பாவாடை இனியா

இந்தக் காலத்து ஜனங்களுக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. பெற்ற பிள்ளையின் கையை விட்டுவிட்டு செல்போனைப் பிடித்துக்கொள்கிறார்கள். பௌர்ணமி தவறாமல் கண்ணாயிரம் படிக்கும் பாட்டு இது. கிரிவலக் கூட்டத்தில் தொலைந்தவர்களை அடி அண்ணாமலைக் கொட்டகையிலிருந்து மைக்கில் கூப்பிடுவது அவர் வேலை. இந்த மாதம் அவருடைய நோட்டைப் பிடுங்கிக்கொண்டு எதிரே ஒரு திரையை வைத்துவிட்டார்கள்.

திரையில் ஒரு பெயர் வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"இனியா, வயசு ஆறு, பச்சைப் பாவாடை. எங்கிருந்தாலும் கொட்டகைக்கு வரவும்."

யாரும் வரவில்லை. சற்று நேரத்தில் அதே பெயர், அதே பாவாடை. யாரும் பதியவில்லை, தானாக வந்து உட்கார்ந்தது. மூன்றாம் தரம் கூப்பிட்டபோது கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல் "வரேன்" என்றது போலிருந்தது. கண்ணாயிரம் மைக்கைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார்.

"ஏம்மா, இது யாரு பெத்த கொழந்த?"

மூலையில் லேப்டாப்போடு இருந்த சினேகா நெற்றியில் அடித்துக்கொண்டாள். தொலைந்தவர்களைப் பதியும் அந்த இணையதளத்தை எழுதியவள் அவள்தான்.

"அது கொழந்தையே இல்ல தாத்தா. நான் எதையாச்சும் மாத்துனா, ஒழுங்கா ஓடுதான்னு பாக்க டெஸ்ட் தானா ஓடும். ஒரு பொய்ப் பேரப் பதிஞ்சு, தேடிப் பாக்கும். அந்தப் பொய்ப் பேருங்கள வெக்கத் தனி டேட்டாபேஸ் இருக்கு. அங்க போவாம நெஜப் பேருங்க இருக்கற எடத்துல எழுதுது."

"இல்லாத புள்ளைய மூணு தரம் கூப்புட வெச்சிட்டியே!"

"இருங்க, டெஸ்ட் முடிஞ்சதும் தொடைக்கச் சொல்லிடறேன்."

துடைத்தது. இனியா போனாள். கூடவே நிஜப் பெயர்கள் அத்தனையும் போயின.

"எம் பையன் கோபி பேரு இன்னா ஆச்சுய்யா?" கம்பியைப் பிடித்து நின்ற ஆர்த்தி கதறினாள். கீழ்பென்னாத்தூர்க்காரி; ஒரு மணி நேரமாக அங்கேயே நிற்கிறாள். "நாலு வயசுதாங்க அவனுக்கு!"

சினேகா துடைப்பதை நிறுத்திவிட்டுப் பழைய நகலை ஏற்றினாள். அது கோபி தொலைவதற்கு முன்னால் எடுத்த நகல். அவள் தட்டத் தட்ட, தட்டுக்கு ஒரு இனியா வந்தாள். மொத்தம் பதினோரு பேர். அவசரத்தில் எந்தப் பொத்தான் பட்டதோ, கணினியே வாயைத் திறந்தது. வழி நெடுகக் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாய்களிலெல்லாம் உயிரில்லாத ஒரு பெண்குரல் பதினோரு தரம் இனியாவைக் கூப்பிட்டது. நடந்துகொண்டிருந்த கூட்டம் ஒரு நொடி நின்றது.

"போதும்டியம்மா!" கண்ணாயிரம் மைக்கை மறுபடி எடுத்தார். "கோபி! நாலு வயசு, மஞ்சச் சட்ட! ஒங்கம்மா இங்க அழுவுறாடா!"

கால் மணி நேரத்தில் தொண்டர் சகாதேவன் பையனைத் தோளில் சுமந்து வந்தான். ஆர்த்தி வாரி அணைத்துக்கொண்டாள்.

"நானும் கண்டுபுடிச்சிட்டேன் தாத்தா!" சினேகா நிமிர்ந்தாள். "டெஸ்டுக்கு நெஜ டேட்டாபேஸ் முகவரியக் குடுத்து வெச்சிருக்கேன். மாத்திட்டேன், அந்தப் பொய்ப் பேரையெல்லாம் அழிச்சிட்டேன். இனியான்னு ஒருத்தி எங்கயுமே கெடையாது."

"நீ சொல்ற. எனக்கு நம்பிக்கை இல்ல." கண்ணாயிரம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

சகாதேவன் தலையைச் சொறிந்தான்.

"அப்போ இவனைக் கையப் புடிச்சிக் கூட்டியாந்து எங்கிட்ட வுட்டுட்டு, வெளிய வரிசையா நிக்கிதுங்களே பதினோரு பொண்ணுங்க, அதுங்கள யாருகிட்டம்மா ஒப்படைக்கறது?"