கோதண்டபாணியின் நாலு கம்பி அலைச்சல்

"சரியான பேஸ் கிட்டார் ஒண்ணு கையில கெடைக்கிற வரைக்கும் இனிமே நான் மேடை ஏறப் போறதில்ல!" என்று நடுவீட்டில் ஈரத் துண்டோடு நின்று சபதம் போட்டார் கோதண்டபாணி.

"ஏறாதீங்க. அந்தத் துண்டைப் புழிஞ்சி கொடியில போடுங்க," என்றாள் பூங்கோதை.

சபதம் போட்டால் கேட்கிறவர்கள் கொஞ்சமாவது பதற வேண்டாமா? பூங்கோதை பதறவில்லை. தீபாவளிக்கு ஒரு சபதம், பொங்கலுக்கு ஒரு சபதம் என்று கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது காய்த்துப் போயிருந்தது.

பேஸ் கிட்டாருக்கு நாலே கம்பி. பாட்டுக்கு அடியில் 'தும், தும்' என்று அதுபாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும். இருந்தால் யாருக்கும் தெரியாது. இல்லாவிட்டால் பாட்டு மொட்டையாக இருக்கும். கல்யாண மண்டபத்தில் பந்திக்குப் போகிறவர்கள் மேடையோரம் நின்று, "ஏம்ப்பா, மிச்ச ரெண்டு கம்பிய எப்ப போடுவ?" என்று அக்கறையாக விசாரித்துவிட்டுப் போவார்கள். கோதண்டபாணி பல்லைக் கடித்துக்கொள்வார்.

மேடையெல்லாம் முகூர்த்த நாளில்தான். மற்ற நாளில் அவருக்கு விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனி ஒன்றில் வேலை. சூளையிலிருந்து வந்த சாமானை ஒரு குச்சியால் தட்டிப் பார்க்க வேண்டும். 'டிங்' என்றால் ஓக்கே. 'டொக்' என்றால் உள்ளே விரிசல், ரிஜெக்ட். தட்டித் தட்டி, உலகத்தில் எதையும் தட்டாமல் ஒத்துக்கொள்ள முடியாத மனுஷராகிவிட்டார். தேங்காயைத் தட்டுவார், தர்பூசணியைத் தட்டுவார், பஸ்ஸில் ஏறினால் சீட்டைத் தட்டுவார். தட்டாமல் ஓக்கே சொன்னது பூங்கோதையை மட்டும்தான். பெண் பார்க்கப் போன அன்று மாமனார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

இந்தக் காதிடம் எந்தக் கிட்டார் தப்பிக்கும்? முதலில் வாங்கிய சிவப்புக் கிட்டார் சளி பிடித்த அண்டாவாம். ரிஜெக்ட். அடுத்து வந்த கறுப்புக்குக் கழுத்து கனமாம். ரிஜெக்ட். மூன்றாவதில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனாலேயே சந்தேகம் வந்து, அதுவும் ரிஜெக்ட். மூன்றும் பீரோவுக்குப் பின்னால் சாய்ந்து கிடந்தன. பூங்கோதை பெருக்கும்போதெல்லாம் ஒவ்வொன்றாக நகர்த்தி வைக்க வேண்டும்.

சோதனை பண்ணுவதிலும் அவருக்கென்று ஒரு முறை உண்டு. "பேஸைப் பக்கத்துல நின்னு கேக்கக் கூடாதுடி. அது தூரத்துக்குப் போனாத்தான் அதோட யோக்கியதை தெரியும்," என்பார். ஆம்ப்ளிஃபயர் பெட்டியை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்து, பூங்கோதையின் மடியில் கிட்டாரைக் கொடுத்துவிட்டு, தெருமுனை டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வார். அங்கிருந்து போனில் உத்தரவு வரும். "ரெண்டாவது கம்பி. அழுத்து. ஏன் வழுக்குது? ஊம், இப்ப நாலாவது. நிறுத்தாத, தட்டிக்கிட்டே இரு." வருஷக்கணக்காக இதேதான். அங்கே அவர் டீ குடித்தார். இங்கே அவள் தட்டினாள்.

இந்த நேரத்தில்தான் மாசி மகத்துக் கச்சேரி வந்தது. அவர் வாசிக்கிற பாட்டுக் குழுவின் தலைவர் கோவிந்தசாமி எத்தனையோ வருஷம் அலைந்து வாங்கிய மேடை. கோதண்டபாணிக்கும் அது வாழ்நாள் கனவு. ஆனால் ரிகர்சலுக்குக் கூப்பிட்டால், "கருவி இல்லாம வந்து என்ன பண்றதுண்ணே?" என்று சொல்லிவிட்டு பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறுவார். கம்மாபுரத்தில் யாரோ வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனால், அங்கே இருந்தது கழுத்து உடைந்த தம்பூரா. அதையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

ஒருநாள் மங்களூர் வரை போய் வெறுங்கையோடு திரும்பியவர், நொந்துபோய் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் கோவிந்தசாமி. டீ வந்தது. கூடவே அந்தச் சத்தமும் வந்தது.

தும்... துதும்... தும்.

டீ பேண்ட்டில் கொட்டியது. சூடே தெரியவில்லை.

"அண்ணே! ஓக்கேண்ணே! ஓக்கே!"

"என்னாய்யா ஓக்கே?"

"இந்தச் சத்தம்ணே! இதைத்தான் நான் ஊரு ஊராத் தேடிக்கிட்டு இருக்கேன். என்னா கிட்டாருண்ணே அது! எந்த நாட்டு மரமோ!"

"வாசிக்கிற கையும் நல்லா இருக்குதுய்யா."

"கையில என்னாண்ணே இருக்குது? எல்லாம் கருவிதான். அந்தக் கிட்டாரைக் குடுத்தா இந்த டீ மாஸ்டர்கூட வாசிப்பாரு."

டீ மாஸ்டர் முறைத்தார்.

"அப்ப மாசி மகத்துக்கு யாரை ஏத்தறது?" என்றார் கோவிந்தசாமி, ரொம்ப சாதுவாக.

"இந்தச் சத்தம் யாரு வாசிச்சா வருதோ அவங்கள ஏத்துங்க. நானே வாசிச்சாலும் சரி, இந்தத் தெருமுனையில ஓக்கே ஆவலன்னா மேடை கெடையாது. பழமலைநாதர் மேல சத்தியம்!"

"மாஸ்டர், கேட்டுக்கிட்டியாப்பா?" என்றார் கோவிந்தசாமி.

"நல்லாவே கேட்டுக்கிட்டேன்," என்றார் மாஸ்டர்.

கோதண்டபாணி சத்தம் வந்த திசையில் ஓடினார். பக்கத்து வீட்டு முபீனா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் புருஷன் சஹீர் துபாயில் இருக்கிறான். கோதண்டபாணிக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.

"சஹீரு கிட்டாரு அனுப்பியிருக்கானா? மறைக்காதம்மா!"

முபீனா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். "எங்க வூட்டுல மிக்சி மட்டுந்தாண்ணே சத்தம் போடும். செவுத்துக்கு அந்தாண்ட போயி கேளுங்க."

அந்தாண்ட இருந்தது அவர் வீடு. உள்ளே பூங்கோதை முக்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தாள். கோதண்டபாணி கதவுக்குப் பின்னால் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"யாருடி வாசிச்சது?"

"நான்தான்."

"அத வுடு. அந்தக் கிட்டாரு எங்க?"

"மடியில என்னா, முறமா வச்சிருக்கேன்?"

மடியில் இருந்தது அந்தச் சளி பிடித்த சிவப்பு அண்டா.

"இத நான் ரிஜெக்ட் பண்ணேனேடி!"

"நீங்க எதத்தான் பண்ணல? தட்டு தட்டுன்னீங்க, தட்டுனேன். நீங்க ஊரு ஊராப் போனப்பவும் தட்டிக்கிட்டுதான் இருந்தேன். டீக்கடையில கேட்டுட்டு கோவிந்தசாமி அண்ணன் ரிகர்சலுக்குக் கூப்பிட்டாரு. போயிட்டு வந்துக்கிட்டுதான் இருக்கேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வுட்டுருப்பீங்களா? அதான் நீங்க வர்ற பஸ் நேரம் பாத்து, அண்ணனை பெஞ்சில உக்கார வச்சிட்டு வாசிச்சேன்." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "எனக்கு இது ரொம்பப் புடிச்சிருக்குதுங்க."

கோதண்டபாணிக்குப் பெருமையாகவும் இருந்தது, வயிறும் எரிந்தது. எரிச்சல்தான் ஜெயித்தது. "குடு இப்படி! இது ஓக்கே ஆன கிட்டாரு. நீ தெருமுனைக்குப் போயி கேளு. நான் வாசிக்கிறேன்."

பூங்கோதை கிட்டாரை அவரிடம் கொடுத்துவிட்டு முபீனாவையும் கூட்டிக்கொண்டு போனாள்.

அவர் முக்காலியில் உட்கார்ந்தார். கண்ணை மூடினார். மாசி மகத்துக் கூட்டத்தை மனசில் நிறுத்திக்கொண்டு, இருக்கிற உயிரையெல்லாம் விரலுக்குக் கொண்டுவந்து வாசித்தார். நன்றாகத்தான் இருந்தது என்று அவருக்குத் தோன்றியது. பக்கத்தில் இருந்து கேட்கக் கூடாது என்று சொன்னவரும் அவர்தான்.

வாசித்து முடித்ததும் போன் அடித்தது.

"சொல்லு! ஓக்கேவா?"

பின்னாலிருந்து டீ மாஸ்டர் "டொக்கு!" என்று கத்தியது தெளிவாகக் கேட்டது. பூங்கோதை ரொம்பப் பதமாகச் சொன்னாள்.

"ஏங்க, அந்த ஆம்ப்ளிஃபயரு பொட்டி எனக்கு ரொம்ப கனங்க. கச்சேரிக்கு அத மட்டும் நீங்க தூக்கிட்டு வந்துடுங்க."