கை அசைந்தால் ஓடும் கடிகாரம்

உரிமங்கள் மற்றும் தடைகள் அலுவலகத்தின் பெரிய அதிகாரி ஒரு கைக்கடிகாரம் வாங்கினார். இதில் தவறு ஒன்றும் இல்லை. அதிகாரிகளும் மனிதர்கள்தாம், மணி பார்க்க அவர்களுக்கும் உரிமை உண்டு.

அது பேட்டரிக் கடிகாரம் அல்ல. பேட்டரிக் கடிகாரம் கட்டுவது அந்த ஆண்டு மிகவும் கேவலமாகக் கருதப்பட்டது. சரியான நேரம் காட்டும் கடிகாரத்தை யார் வேண்டுமானாலும் கட்டலாம். நாளுக்கு ஐந்து நிமிடம் தப்பாகக் காட்டுவதைக் கட்டத்தான் அந்தஸ்து வேண்டும். பெரிய அதிகாரியின் கடிகாரத்துக்கு முதுகில் கண்ணாடி. அதன் வழியே பார்த்தால் பல்சக்கரங்களுக்கு மேலே ஓர் அரைவட்டத் தகடு தெரியும். கையை அசைத்தால் தகடு சுழலும். தகடு சுழன்றால் சுருள்வில் முறுக்கேறும். வில் முறுக்கேறினால் முள் ஓடும். சாவி கொடுக்கவே வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய அதிகாரி இறகுப்பந்து ஆடினார். கடிகாரம் அருமையாக ஓடியது. திங்கட்கிழமை அலுவலகத்தில் மிச்ச முறுக்கில் ஓடியது. செவ்வாய்க்கிழமை பதினொன்றரைக்கு நின்றுவிட்டது. அடுத்த வாரமும் அதே செவ்வாய், அதே பதினொன்றரை.

அலுவலகத்துக்கு எதிரே ஆறடி அகலத்தில் ஒரு கடிகாரக் கடை இருந்தது. கடைக்காரர் கடிகாரம் பழுது பார்ப்பார். அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து தோல் வார் தைப்பார். கடையின் உரிமத்தைப் புதுப்பிக்கக் கோரி அவர்கள் கொடுத்த மனு பெரிய அதிகாரியின் அலமாரியில் இரண்டு ஆண்டுகளாக ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. மாதக் கடைசி வெள்ளிக்குள் உரிமம் வராவிட்டால் கடைக்குச் சீல் என்று அதே அலுவலகத்திலிருந்து அறிவிப்பும் வந்திருந்தது. அந்தக் கடைக்குத்தான் பெரிய அதிகாரி வந்தார்.

கடைக்காரர் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு கடிகாரத்தின் முதுகைத் திறந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"கடிகாரத்துல ஒரு குறையும் இல்ல சார்."

"பின்ன ஏன் நிக்குது?"

"கட்டியிருக்கிறவர் கை அசையணும்."

"நான் தினமும் எட்டு மணி நேரம் ஆபீஸ்ல வேலை பாக்கறேன்யா!"

கடைக்காரரின் மனைவிக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"ஓரத்துல இருக்கிற இந்தச் சாவியைக் காலையில இருபது சுத்து சுத்தினாலும் ஓடும் சார்," என்றார் கடைக்காரர் அவசரமாக.

"சுத்தறதுக்குன்னு எங்க ஆபீஸ்ல ஒரு பதவி கிடையாதே!"

கடைக்காரர் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தார். கடைசி வெள்ளிக்கு இன்னும் மூன்று வாரம். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அப்படின்னா கையெழுத்து போடுங்க சார். ஒரு நாளைக்கு இருநூறு போட்டாப் போதும்."

"கையெழுத்தா? எதுல?"

"அலமாரியில கோப்பு ஏதாவது இருந்தா..."

"அதுக்கென்ன, நிறைய இருக்கு!" என்றார் பெரிய அதிகாரி. முதல் தடவையாக அந்த அலமாரியால் ஒரு பயன் இருப்பது அவருக்குத் தெரிந்தது.

மறுநாள் இருநூறு கையெழுத்துப் போட்டார். மாலையில் கடிகாரம் நின்றது. மறுநாள் முந்நூறு. அப்போதும் நின்றது. கடைக்காரரை வரவழைத்தார். அவர் வந்து பார்த்தால், பேனா வலது கையில், கடிகாரம் இடது கையில்.

உடனே ஆலோசனைக் கூட்டம் கூடியது. கையெழுத்தை இடது கைக்கு மாற்றலாமா என்று ஆராய்ந்தார்கள். அதற்கு மேலிடத்து ஒப்புதல் பெற ஆறு மாதம் ஆகும். கடிகாரத்தை வலது கைக்கு மாற்ற யார் ஒப்புதலும் தேவையில்லை என்பதைத் தலைமை எழுத்தர் விதிப்புத்தகத்தில் கண்டுபிடித்தார். அவருக்குப் பாராட்டுச் சான்றிதழ் வழங்கப்பட்டது. அதிலும் பெரிய அதிகாரியே கையெழுத்திட்டார்.

கடிகாரம் ஓடியது. ஒரு வாரத்தில் அலுவலகத்தில் எல்லா அதிகாரிகளின் வலது கையிலும் அதே மாதிரிக் கடிகாரம். அடுத்த வாரம் தெருவில் எல்லோர் கையிலும் அப்படியே. பெரிய அதிகாரி ஒரு சுற்றறிக்கை விட்டார்: 'கடிகாரங்களின் தடையற்ற இயக்கத்தை முன்னிட்டு, கோப்புகளைப் படிப்பதால் ஏற்படும் கால விரயத்தை முற்றிலும் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.'

கடைசி வெள்ளி காலை பத்து மணிக்குக் கடைக்காரருக்கு உரிமம் வந்தது. சட்டம் போட்டு மாட்டினார். பதினொரு மணிக்கு அரக்கும் மெழுகுவர்த்தியுமாக அதே அலுவலகத்து ஆய்வாளர் வந்தார்.

"சார், உரிமம் இருக்கே!"

ஆய்வாளர் சட்டத்தருகே போய்ப் பார்த்தார். "இருக்கு. கையெழுத்து சரியா இருக்கு."

"அப்புறம் என்ன?"

"சீல் வைக்கிற உத்தரவு இது. இதுலயும் கையெழுத்து சரியா இருக்கு. நீங்க ரெண்டையும் மதிச்சு நடக்கணும்."

"எப்படிங்க?" என்றார் மனைவி.

"அது எங்க பிரிவு இல்லம்மா."

கதவில் அரக்கு சொட்டியது. கடைக்காரரும் மனைவியும் தெருவில் நின்றார்கள்.

"இருநூறு கையெழுத்து போடச் சொன்னீங்களே," என்றார் மனைவி, "எந்த இருநூறுன்னு சொன்னீங்களா?"

கடைக்காரர் அரக்கு வைத்த கதவைத் தொட்டுப் பார்த்தார். அதற்குள் தெரு கூடிவிட்டது. ரொட்டிக்கடைக்காரரிடம் அடுப்பு கட்ட அனுமதியும் இருந்தது, அதை இடிக்க உத்தரவும் இருந்தது. பாத்திரக்கடைக்காரரிடமும் இரண்டு தாள். எல்லோரும் சேர்ந்து, மூடவும் இடிக்கவும் சொன்ன உத்தரவுகளை ரத்து செய்யக் கோரி, நூற்று நாற்பது பேர் பெயரோடு ஒரு மனு எழுதி எடுத்துப் போனார்கள்.

பெரிய அதிகாரி எழுந்து நின்று வரவேற்றார். அலமாரி புதன்கிழமையே காலியாகிவிட்டதால் அவர் கடிகாரம் காலையிலிருந்து தள்ளாடிக்கொண்டிருந்தது. மனுவை வாங்கி, 'ஏற்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். கூட்டம் கை தட்டியது. தாளைத் திருப்பி, 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதி அதற்கும் கையெழுத்திட்டார்.

"சார், ரெண்டையும் போட்டுட்டீங்களே!" என்று கடைக்காரர் அலறினார்.

"ஒண்ணே ஒண்ணு போட்டா கை எங்கய்யா அசையுது? மனசைத் தளர விடாதீங்க. மேல்முறையீடு பண்ணுங்க. நாளைக்கே குடுங்க, எனக்கும் வேணும்."

வேறு வழி? வாசல் படிக்கட்டிலேயே உட்கார்ந்து எழுதத் தொடங்கினார்கள். மனுவே நீளம், மேல்முறையீடு அதைவிட நீளம். ஆளுக்கு மூன்று பிரதி வேறு. நாலாவது பக்கத்தில் பாத்திரக்கடைக்காரர் சட்டென்று எழுதுவதை நிறுத்தி, மணிக்கட்டைக் காதில் வைத்துக் கேட்டார். முகம் மலர்ந்தது.

"ஓடுது! கல்லாவுல உக்காந்திருந்தப்பல்லாம் இது ஒரு நாளும் இப்படி ஓடினதில்ல!"

எல்லோரும் தத்தம் காதில் வைத்துப் பார்த்தார்கள். எல்லோருடையதும் ஓடியது. கடைக்காரரின் மனைவி மட்டும் தலையில் அடித்துக்கொண்டார். வளையல் ஒலித்ததே தவிர, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது எங்கள் தெருவில் ஒருவர் கடிகாரமும் நிற்பதில்லை. கடைகள் எல்லாம் மூடியிருக்கின்றன; மனு எழுத நேரம் நிறைய இருக்கிறது.