உன் மூன்று பக்கக் கடிதமும் அம்மாவுக்கு வந்த கேன்சரும்

ஸ்ரீவில்லிபுத்தூர்
14.8.1998

அன்பு மகன் கிருபாகரனுக்கு அப்பா பால்துரை எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான் நலம். பெங்களூரில் நீயும் உன் ஆராய்ச்சி எலிகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

அம்மாவுக்கு ஏன் மறதி முற்றிக்கொண்டே போகிறது என்று நான் கேட்டது ஒரு வரி. நீ எழுதியது மூன்று பக்கம். மூளையின் நரம்பு செல்கள் சின்ன வயதிலேயே பெருகுவதை நிறுத்திவிடுமாம். முதுமையில் சில செல்கள் திடீரென்று மறுபடி இரண்டாகப் பிரியக் கிளம்பி, முடிக்க முடியாமல் பாதியில் செத்துப்போகின்றனவாம். அதுவும் நிச்சயமில்லை, சிலர் அப்படிச் சந்தேகிக்கிறார்களாம்! சந்தேகப்படுவதற்கா உனக்குச் சம்பளம்? அறுபத்து நாலு வயதில் அந்தச் செல்களுக்கு எதற்கு இந்த வேலை என்று நீயாவது கேட்டாயா?

எனக்குப் புரியாததால், பக்கத்து வீட்டுக் கம்பவுண்டர் இருளப்பசாமியிடம் வாசித்துக் காட்டினேன். அங்கேதான் புத்தி கெட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "செல்லு பிரியுதுன்னா அது கேன்சர்தாம் அண்ணாச்சி" என்றார். அதை அவர் மனைவி வெள்ளத்தாய் கேட்டுவிட்டாள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாள் சேத்தூரிலிருந்து உன் மாமா குடும்பம் இரண்டு மோட்டார் பைக்கில் வந்து, கேட்டுக்குள் நுழையும்போதே அழுதது. "எம்புட்டு நாளுன்னு டாக்டர் சொல்லிருக்காரு?" என்று உன் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். எந்த டாக்டர்?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபையிலிருந்து பதினாறு பேர் வீட்டில் ஜெபத்துக்கு வந்துவிட்டார்கள். உன் அம்மா எல்லோருக்கும் பாய் போட்டாள். பிறகு என்னிடம் வந்து, "யாருக்குங்க முடியல?" என்று கேட்டாள். "நமக்கு வேண்டிய ஒருத்தி" என்றேன். உடனே முழங்கால்படியிட்டு, "பாவம், அவ எந்த ஊருக்காரியோ, அவ புருசனுக்குத் தைரியத்தைக் குடும் ஆண்டவரே" என்று உருகி ஜெபித்தாள். அங்கிருந்தவர்களில் அவள் ஒருத்திதான் அழாமல் ஜெபித்தது. நான் கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

செவ்வாய்க்கிழமை அவளைப் பஸ்ஸில் இராஜபாளையம் கூட்டிப்போய், டாக்டரிடம் உன் கடிதத்தை நீட்டி, செல் பிரிவதை நிறுத்த மாத்திரை கேட்டேன். "பெரியவரே, கேன்சர் இல்ல. இது ஆராய்ச்சி. மருந்து இன்னும் வரல. நல்லாச் சாப்பிடச் சொல்லுங்க, தனியா வெளியே விடாதீங்க" என்றார். இதைச் சொல்ல அவருக்கு இரண்டு வரி போதுமாயிருந்தது. நீ படித்த படிப்புக்கு உனக்கு மூன்று பக்கம்!

போன மாதம் நீ வந்தபோது, இன்னும் தமிழ் டீச்சர் வேலையில் இருப்பதாக நினைத்து, "தம்பி எந்த வகுப்பு?" என்று உன்னையே கேட்டாள். நீ எழுந்து மாடிக்குப் போனாய். அதற்குப் பழிவாங்கவா இந்த மூன்று பக்கம்? மருந்து கிடைக்கும்வரை செல், எலி என்று ஒரு வரிகூட எனக்கு எழுதாதே. எழுதினால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

வேளைக்குச் சாப்பிடு. ஆண்டவர் உன்னைக் கண்மணிபோல் காப்பாராக.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: இதை ஒட்டுவதற்குப் பசை தேடிப்போன நேரத்தில், அம்மா உன் மூன்று பக்கத்தையும் எடுத்துச் சிவப்புப் பென்சிலால் திருத்திக்கொண்டிருந்தாள். பிடுங்கப் போனேன். "இருங்க. இது நம்ம கிருபா கையெழுத்து. ஒற்று விடாம எழுதுலேன்னு எத்தன தரம் சொல்லுதேன், கேக்கானா?" என்றாள். கிருபா என்றாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆகவே மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடு. வாரம் தவறாமல் ஆறு பக்கம் எழுது, எலியைப் பற்றியே இருந்தாலும் சரி. நாலைந்து பிழையும் விட்டு வை.