பழுதில்லை, பாட்டு

பழுது பார்க்கப் போன இடத்தில் பழுதைப் பாராட்டிவிட்டு வந்த மனிதர், எனக்குத் தெரிந்து உலகத்திலேயே ஒருவர்தான். அவர் ஈஜோக் ஊரில் எனக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்தார். தொழில், ஏர்கோன் என்கிற குளிர்சாதனப் பெட்டி ரிப்பேர். பெயரும் ஏர்கோன். அடையாள அட்டையில் வேறு பெயர் இருந்திருக்கலாம், யாரும் கேட்டதில்லை.

ஒருமுறை என் வீட்டு ஏர்கோன் உறுமத் தொடங்கியது. வந்தார். ஏணியில் ஏறினார். அதன்மேல் காதை வைத்துக் கண்ணை மூடினார்.

"அண்ணே, இதைத் தொட வேணாம். தாளம் நல்லா போவுது."

"எனக்குத் தாளம் வேணாம் தம்பி, குளிர் வேணும்."

"ஒரு வாரம் பொறுங்க லா."

கைப்பேசியில் உறுமலைப் பதிவு செய்துகொண்டு போய்விட்டார். வாரம் முழுக்க வியர்த்தேன்.

இப்படிச் சேர்த்த சத்தங்களை லெப்டோப்பில் வெட்டி ஒட்டிப் பாட்டுக்குத் தாளமாக்குவார். அதன்மேல் கித்தார் வாசித்துப் பாடுவது ஸ்டெல்லா டீச்சர். பாலர் பள்ளி ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலிலும் பாடுவார். அந்தக் குரலுக்குக் கீழே கம்ப்ரசர் இருமும். இந்த ஆளோடு எப்படிச் சேர்ந்தீர்கள் என்று கேட்டேன்.

"என் குரல்ல கீறல் இருக்கு சார். மறைக்காதீங்க, அதான் அழகுன்னு சொன்னது இவர் ஒருத்தர்தான்."

இருவர் குழுவுக்குப் பெயர் 'குளிர்காற்று'. பெயரை மட்டும் கேட்டு மயங்கிய ஒருவர், புஞ்சாக் ஆலாமில் தன் மகள் கல்யாண விருந்துக்கு அழைத்துவிட்டார். என் வேனில்தான் போனோம். வழியில் டீச்சர் சொன்னார்: "இன்னிக்கும் சிரிச்சாங்கன்னா, நான் கோயிலோட நிறுத்திக்கிறேன்." ஏர்கோன் பளபளச் சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டே வந்தார்.

பாட்டு தொடங்கியது. கம்ப்ரசர் உறுமியது. விருந்தாளிகள் அனைவரும் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார்கள்.

"டேய் ஏர்கோன்! மேடையில நின்னுகிட்டு என்ன பண்றே? வந்து பாரு லா!" என்றார், அவரை ரிப்பேர்காரராகவே தெரிந்த ஒரு மாமா.

"பழுதில்ல மாமா, பாட்டு."

மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவருக்கு இது கேட்கவில்லை. கூரையில் ஏதோ வெடித்துவிடும் என்று பயந்து மெயின் சுவிட்சை அடைத்துவிட்டார். ஒலிபெருக்கி செத்தது. காற்றாடிகள் நின்றன. மண்டபமே பிரியாணியோடு வியர்த்தது. எங்கோ ஒருவர் சிரித்தார். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு கித்தாரைக் கழற்றப் போனார்.

ஏர்கோன் அவர் பக்கத்தில் போய் நின்றார். இரண்டு கையையும் வாயில் குவித்தார்.

"ட்ர்ர்ர்... டக் டக்... ட்ர்ர்ர்..."

டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே தாளத்தைப் பிடித்துப் பாடினார். பெரியவர் பதறிக்கொண்டு ஓடி வந்தார். "மெயினே அடைச்சாச்சு, இன்னும் எங்கருந்துய்யா சத்தம்?"

மணப்பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கைதட்டித் தாளம் போட்டாள். மண்டபம் முழுக்கத் தட்டியது.

முடிந்ததும் அவளுடைய அப்பா வந்தார். "பாட்டு பரவால்ல தம்பி. எங்க வீட்டு ஏர்கோன்லயும் என்னமோ சத்தம் வருது, வந்து பாக்குறியா?"

ஏர்கோன் கருவிப் பெட்டியை வேனிலேயே விட்டுவிட்டு, கைப்பேசியோடு ஓடினார். திரும்பும் வழியெல்லாம் டீச்சர் அடுத்த பாட்டைப் பற்றியே பேசினார்.

ஏர்கோன் இப்போது செரண்டாவுக்குக் குடிபோய்விட்டார். போன மாதம் அங்கே 'குளிர்காற்று' தனிக் கச்சேரி நடத்தியது. வந்தது மூன்று பேர். இருவர் டீச்சரின் அக்காவும் அத்தானும். மூன்றாவது ஆள் நான். முன்வரிசை கிடைக்காமல் போய்விடுமோ என்று சீக்கிரமே போய் இடம் பிடித்திருந்தேன்.