துணைக்கு வந்தவர்

சுனாமிக்குப் பிறகு சிதம்பரத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை நடக்கிறதே இலவச மனநல முகாம், அங்கே ஒருமுறை போய்ப் பாருங்கள். நோயாளி ஒருவர்கூட அகப்படமாட்டார். பள்ளிக்கூட வராந்தா நிறைய உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் 'துணைக்கு வந்தவர்' என்னும் இனத்தைச் சேர்ந்தவர்கள்.

இந்த இனம் உள்ளூர் முகாமை மிதிக்காது. கடலூர்க்காரர் நடராஜரைக் கும்பிடப் போவதாகச் சொல்லிவிட்டுச் சிதம்பரம் வருவார். சிதம்பரத்துக்காரர் கலெக்டர் ஆபீசில் வேலை என்று சொல்லிவிட்டு, அதே நாளில் கடலூரில் நடக்கும் முகாமுக்குப் போவார். நடுவழியில் ஆலப்பாக்கத்தில் இரண்டு பஸ்ஸும் எதிரெதிரே கடக்கும்போது ஜன்னலோரத் தலைகள் எல்லாம் ஒருசேர வயல் பக்கம் திரும்பும். இவ்வளவு ஒற்றுமை எந்தச் சங்கத்தில் உண்டு?

இந்த இனத்தின் மாணிக்கம் என்றால் அது சிங்காரம்தான். கடலூர் துறைமுகத்தில் மீனுக்கு ஐஸ் உடைப்பவர். மனைவி இருசம்மாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த நாள்முதல் அதே வீட்டில் இருந்த அவள் தம்பி பக்கிரி யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். சிங்காரம்தான் அவனைக் கைப்பிடித்து முகாமுக்கு அழைத்துவந்தார்.

அங்கே நோயாளிக்கு ஸ்டூல், துணைக்கு வந்தவருக்கு நாற்காலி. அதிலும் சிங்காரம் பாதிதான் உட்காருவார். மீதிப் பாதி, எந்த நேரமும் கிளம்பிவிடுவேன் என்பதற்காக. பேச்சு மட்டும் முழுக்க அவருடையது. டாக்டர் எழிலரசி பக்கிரியைப் பார்த்துத்தான் கேட்பார்.

"சாப்பாடு எறங்குதா?"

"எங்கங்க? ரெண்டு வாய் வெச்சிட்டுத் தட்டத் தள்ளிடறான்" என்பார் சிங்காரம்.

"தூக்கம்?"

"விடியறதுக்கு முன்னாடியே எழுந்து அடுப்பாண்ட ஒக்காந்துக்கறான். அக்கா பொடவைய மடிச்சிக்கினே இருக்கான். மடிச்சதையே மடிக்கறான்."

சில மாத மாத்திரையில் பக்கிரிக்குப் பேச்சு திரும்பியது. துணைக்கு வந்தவருக்கு இதைவிட ஆபத்து வேறில்லை. சிங்காரம் வழக்கம்போல் ஆரம்பித்ததும் அவன் குறுக்கே புகுந்தான்.

"மாமா, நான் நல்லாத்தான தூங்கறன்? பொடவ மடிக்கறது நீதான?"

"ந்தா, சும்மா இரு மச்சான். பாத்தீங்களா டாக்டரம்மா, பழி போடறான். இதுவும் வியாதிதான?"

"தட்டத் தள்றதும் நீதான?"

"அது... சமையல் அப்பிடி."

"சமைக்கறதே நீதான மாமா!"

வராந்தாவே சிரித்தது. டாக்டர் சிரிக்கவில்லை. ஸ்டூலைச் சிங்காரத்தின் பக்கம் நகர்த்தி, "நீங்க வந்து ஒக்காருங்க" என்றார்.

"ஐஸ் லோடு வந்துடும்" என்று மச்சானைக்கூட விட்டுவிட்டு வெளியேறினார் அவர்.

அடுத்த முகாமின்போது பக்கிரி வேலை கிடைத்து, பண்ருட்டியில் லாரியில் பலாப்பழம் ஏற்றிக்கொண்டிருந்தான். கூட்டிப்போக ஆளில்லாத துணைக்காரர் கதி என்ன? அன்று முழுக்க வீட்டில் புடவை மடித்தார்.

அதற்கடுத்த முகாமுக்குப் பக்கிரி லீவு போட்டுவிட்டு வந்தான். மாமாவைக் கைப்பிடித்து அழைத்துவந்து ஸ்டூலில் உட்காரவைத்தான். தான் நாற்காலியில், பாதி மட்டும்.

"மாமாவுக்குத்தாங்க. நான் துணைக்கு வந்தன்."

"தூக்கம் எப்படி?" என்றார் டாக்டர், சிங்காரத்தைப் பார்த்து.

பக்கிரி வாயைத் திறந்தான். சிங்காரம் அவன் கையை அழுத்தினார்.

"இரு மச்சான். நானே சொல்றன்."

இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள். உங்களுக்கு ஒன்றுமில்லை, தெரியும். தெரிந்தவர் ஒருவருக்குச் சொல்லத்தான் படித்தீர்கள். நல்லது, அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஆலப்பாக்கம் வந்ததும் தலையைத் திருப்ப மட்டும் மறந்துவிடாதீர்கள்.