இடது ஓரத்து முழங்கை தொடர்பாக

ஆசிரியர் அவர்களின் மேலான கவனத்துக்கு,

தாங்களும், தங்கள் அலுவலகத்தாரும், அச்சு இயந்திரங்களும் நலமாக இருக்க வேண்டும். நாங்கள் இங்கே நலம் என்று எழுதுவதுதான் மரியாதை, ஆகவே நலம்.

நான் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். சென்ற மாதம் தங்கள் முதல் பக்கத்தில் வந்த புகைப்படத்தைப் பற்றி எழுதுகிறேன். நீதிமன்றப் படியில் நின்று ஒரு பிரபல வழக்கறிஞர் ஒரு மெலிந்த மனிதனின் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டுகிறார். அந்த மெலிந்தவன் என் மைத்துனன். செய்யாத குற்றத்துக்கு ஒன்பது ஆண்டு சிறையில் இருந்துவிட்டு அன்றுதான் வெளியே வந்தான். படத்தின் இடது ஓரத்தில் ஒரு முழங்கை தெரிகிறதே, அது என் மனைவி.

என் மைத்துனன் ஒரு கிடங்கில் காவலாளியாக இருந்தான். கிடங்கு எரிந்தது, உள்ளே படுத்திருந்த சுமைதூக்கி ஒருவர் இறந்துபோனார், இவன்தான் கொளுத்தினான் என்று பிடித்துக்கொண்டு போனார்கள். மறுநாளே தாங்கள் ‘சிக்கினான் தீ வைத்த காவலாளி’ என்று கொட்டை எழுத்தில் போட்டீர்கள். என் மனைவி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள், அதிகம் பேசாதவள். அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டுக் கிளம்பினாள். கிடங்கு எரிந்த அன்று பகலில் மின்வாரிய ஊழியர் ஒருவர் வந்து, வயரெல்லாம் கருகியிருக்கிறது, உடனே மாற்றுங்கள் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போனதாக அவள் காதுக்கு எட்டியது. அந்த ஊழியரோ வேறு ஊருக்கு மாற்றலாகியிருந்தார். விசாரித்து விசாரித்து அவர் வீட்டைக் கண்டுபிடித்தாள். அவர், “எனக்கும் புள்ளைங்க இருக்கும்மா, வந்த வழியே போயிடுங்க” என்று கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு விடுமுறை கிடைத்த நாளெல்லாம் அந்த வீட்டுக்கு எதிரே உள்ள பேருந்து நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தாள். அவ்வளவுதான், வேறொன்றும் செய்யவில்லை. என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டு, “அண்ணே, வீட்ல ஏதாவது சண்டையா? அண்ணி அந்த ஸ்டாப்புலயே உக்காந்திருக்காங்க, எந்த பஸ்லயும் ஏற மாட்டேங்குறாங்க” என்று கேட்டார். ஆண்டுக்கணக்கில் இப்படியே போனது. கடைசியில் ஒரு மழை நாளில் அந்த ஊழியரின் மனைவிக்கே மனசு கேட்காமல், “அந்தம்மா நனையுறாங்க, உள்ள கூப்பிடுங்க. இல்லேன்னா நானும் போய் அவங்க பக்கத்துல உக்காந்துக்குவேன்” என்று கணவரிடம் சொல்லியிருக்கிறார். அவரும் கூப்பிட்டார். பிறகு நீதிமன்றத்துக்கும் வந்து, பார்த்ததைச் சொன்னார்.

பிரபல வழக்கறிஞர் அதற்கும் பிறகுதான் வந்தார். நல்லவர், நன்றாகவே வாதாடினார், குறை சொல்ல மாட்டேன். தீர்ப்பு வந்ததும் படியில் புகைப்படக்காரர்கள் கூடினார்கள். அப்போது அவர் என் மனைவியைப் பார்த்து, “அம்மா, கொஞ்சம் நகருங்க” என்றார். நகர்ந்தாள். வேலை பார்த்த காலம் முழுக்க ‘நகருங்க, நகருங்க’ என்று கத்தியவன் நான். அந்தச் சொல் இப்படிக் குத்தும் என்று தெரிந்திருந்தால் பேருந்தைக் காலியாகவே ஓட்டச் சொல்லியிருப்பேன்.

அன்று மாலை தொலைக்காட்சியில் என் மைத்துனனை உட்கார வைத்து, “யாருக்கு நன்றி சொல்லப் போறீங்க” என்று கேட்டார்கள். அவன் “எங்க அக்கா...” என்று ஆரம்பித்தான், அழுகை வந்துவிட்டது. அதற்குள் அந்த நிகழ்ச்சித் தொகுப்பாளர் கேமராவைப் பார்த்து, “நம்ம சேனலுக்கு அவர் கண்ணீராலயே நன்றி சொல்றார்” என்று முடித்துவைத்தார். மறுநாள் தங்கள் நாளிதழில், ‘ஆரம்பம் முதலே இவருக்காகக் குரல் கொடுத்தது நமது நாளிதழ்’ என்று வந்தது. ஐயா, ஆரம்பத்தில் தாங்கள் கொடுத்த குரல் எங்கள் அலமாரியில் இன்னும் இருக்கிறது.

நான் தங்கள் அலுவலகத்துக்கே வந்தேன். முன்னால் உட்கார்ந்திருந்த பெண், “சார், விளம்பரமா, நினைவஞ்சலியா?” என்றார். “முழங்கைங்க” என்றேன். எலும்பு மருத்துவர் எதிர்க் கட்டடத்தில் இருக்கிறார் என்று வழி சொன்னார். விளக்கமாகச் சொன்னதும் எழுதி வாங்கிக்கொண்டார். நான்கு நாள் கழித்து, ‘படத்தில் இருந்த முழங்கை பாதுகாப்புப் பணியில் இருந்த பெண் காவலருடையது, விடுபட்டதற்கு வருந்துகிறோம்’ என்று திருத்தம் போட்டீர்கள். மறுபடியும் வந்து சண்டை போட்டேன். அதன்பேரில் ஒரு பெண் நிருபரை வீட்டுக்கு அனுப்பினீர்கள். அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை, பொறுமையாக உட்கார்ந்து கேட்டது. பேருந்து நிறுத்தம், மழை, எல்லாவற்றையும் நானே சொன்னேன். கிளம்பும்போது, “தம்பி வந்த அன்னைக்கு என்ன சமைச்சுப் போட்டீங்க?” என்று என் மனைவியிடம் கேட்டது. இவள், “சமைக்கலம்மா. அடுப்பப் பத்த வெச்சா அவன் எழுந்து வெளிய போயிடுறான். கடையிலதான் வாங்குறோம்” என்றாள். ஞாயிற்றுக்கிழமை மகளிர் பக்கத்தில், ‘தம்பிக்குப் பிடித்ததைச் சமைத்துப் போட்டு மகிழ்ந்த அக்கா’ என்று வந்தது. கூடவே யாரோ ஒரு அம்மாள் கரண்டியோடு சிரிக்கும் படம்.

அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு எங்கள் தெருவே வந்து போனது. மாடிவீட்டுக்காரர், “அந்த வக்கீலய்யா மட்டும் இல்லேன்னா உங்க தம்பி கதி என்ன? நீங்க முன்னாடியே அவர்கிட்ட போயிருக்கலாம்ல?” என்றார். என் மனைவி அவருக்குத் தேநீர் கொடுத்தாள், அதுவும் கடையில் வாங்கியது. அவர் போன பிறகு முன்னறையில், கட்டுக்கட்டாகக் கிடக்கும் வழக்குத் தாள்களுக்கு நடுவே உட்கார்ந்தாள். அன்றிலிருந்து பேச்சே இல்லை. கேட்டால் ஒரே பதில்தான். “எனக்கு இப்போ என்னங்க வேலை?” என்கிறாள். மைத்துனனோ சோற்றைப் போட்டு வைத்தாலும் யாராவது ‘சாப்பிடு’ என்று உத்தரவு போடும்வரை தட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். கழிப்பறைக்குப் போகக்கூட, “மாமா, போகட்டுமா” என்று என்னிடம் அனுமதி கேட்கிறான். ஒருவரை வெளியே கொண்டுவந்துவிட்டதாகத் தாங்கள் எழுதுகிறீர்கள். எனக்கென்னவோ இப்போது இரண்டு பேர் உள்ளே இருக்கிறார்கள் என்றுதான் படுகிறது. யாரிடம் மனுப் போடுவது என்று தெரியவில்லை.

எனவே, அந்த முழங்கை என் மனைவியுடையது, அந்த விடுதலை அவளுடைய உழைப்பு என்று முதல் பக்கத்திலேயே திருத்தம் வெளியிட வேண்டும். தவறினால் நாளை முதல் தங்கள் நாளிதழை நிறுத்திவிடுவேன். தங்கள் வீட்டாருக்கு என் அன்பும், தங்கள் பேனாவுக்கு நல்ல புத்தியும் உரித்தாகுக.

இப்படிக்கு,
முழங்கையின் கணவன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் என் மனைவி இதை வாங்கிப் படித்துவிட்டாள். இதை எழுதியது நேற்று இரவு. இன்று காலையில் ஒரு பெண் எங்கள் வாசலில் வந்து நின்றார். அவர் கணவன் லாரி ஓட்டுநர், என் மைத்துனன் இருந்த அதே சிறையில் இருக்கிறான், செய்யாத கொலைக்கு. “பேப்பர்ல பார்த்தேங்க. அந்த வக்கீலோட அட்ரஸ் கெடைக்குமா?” என்று கேட்டுத்தான் வந்தார். என் மனைவி விலாசம் சொல்லவில்லை. தாள்கட்டுகளை ஒதுக்கி நாற்காலியை இழுத்துப் போட்டு, “உக்காருங்க. மொத நாள்லேர்ந்து சொல்லுங்க” என்றாள். அவள் பேசி எவ்வளவோ நாளாகியிருந்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, அந்தப் பேருந்து நிறுத்தம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

கடிதத்தைப் படித்தவள், “பத்திரிகைக்காரங்கள இப்போ பகைச்சுக்காதீங்க. இந்தப் பொண்ணுக்கு அவங்க வேணும். எழுதினதெல்லாம் அடிச்சிடுங்க” என்றாள். பேனாவை எடுத்தேன், அடிக்கக் கை வரவில்லை. தாங்களே அடித்துக்கொள்ளவும், வெட்டுவது தங்களுக்குப் பழக்கம்தானே. தங்கள் நாளிதழ் ஆரம்பம் முதலே குரல் கொடுத்து வருகிறது. முழங்கை பெண் காவலருடையதாகவே இருக்கட்டும். நாளையும் பத்திரிகை வாங்குவேன். லாரி ஓட்டுநரின் பெயரைத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். அதை மட்டும் பிழையில்லாமல் போட்டுவிடுங்கள்.